கதவு திறந்து நிற்கும் நேரம்

முப்பத்தொரு வருஷம் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டியவரை ஒரு திங்கட்கிழமை காலையில் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாம் வலது முழங்கால் செய்த வேலை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "இனிமே ஏணி, குழி, சாரம் எதுவும் கிடையாது" என்று எழுதியே கொடுத்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கின் வேலையில் அந்த மூன்றையும் கழித்தால் மிச்சம் இருப்பது டீ குடிப்பது மட்டும்தான்.

கம்பெனியில் அவரை எல்லோரும் கிரீஸ் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். என்ன பழுது என்று போனாலும் முதலில் கிரீஸ் டப்பாவைத்தான் திறப்பார். பாதி பழுது அதிலேயே ஓடிவிடும். வயது ஐம்பத்தாறு. அதிகம் பேசமாட்டார். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் மட்டும் கதவிடுக்கு வழியாக நிறையப் பேசுவார். வெளியே வந்ததும் அவர்கள் இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னால், கையை விடுவித்துக்கொண்டு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

மேனேஜர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், தங்கமான மனிதர். "அண்ணே, உங்களை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரலை. புது கன்ட்ரோல் பெட்டி வந்திருக்கில்ல, அதோட புத்தகம் முழுக்க இங்கிலீஷ். நம்ம ஆளுங்க பாதிப் பேர் குருட்டாம்போக்குல செட் பண்ணிட்டு வர்றாங்க. அதை நீங்க தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றார்.

"நான் எட்டாங்கிளாஸ் தம்பி. மெஷின் மேல எழுதியிருக்கிற இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும்."

"அது போதும். இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்கு லிஃப்ட் தெரியலையே."

ஸ்டோர் ரூமின் ஒரு மூலையில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். பின்னால் இரும்பு அலமாரிகள். அவற்றில் தேய்ந்துபோன கதவு உருளைகள், கம்பி வடத்தின் துண்டுகள், எண் அழிந்துபோன பட்டன்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். காலை எட்டரைக்கு மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனதும் அந்த இடமே அடங்கிப்போகும். மாலை ஐந்து மணிக்குத்தான் மறுபடி மனிதக் குரல் கேட்கும். இத்தனை வருஷம் இருட்டுக் குழிக்குள் தனியாக வேலை பார்த்தபோது தோன்றாத தனிமை, டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தபோது வந்தது. குழிக்குள் இருக்கும்போது மேலே யாரோ ஒருவர் லிஃப்டுக்காகக் காத்திருப்பார். இங்கே எதற்காகவும் யாரும் காத்திருக்கவில்லை.

ஆனாலும் வேலை பிடித்துப்போயிற்று. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டார். ஓவர்லோடு என்றால் பாரம் அதிகம். லெவலிங் என்றால் தளத்தோடு மட்டம் சேர்ப்பது. நட்ஜிங்குக்கு மட்டும் அரை நாள் யோசித்து, 'கூவிக்கொண்டே மெதுவாக மூடுவது' என்று எழுதினார். வழியை மறித்து நிற்கிறவரை அந்தக் கதவு அப்படித்தான் நகர்த்தும். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "அப்படியே கண்ணுல நிக்குதுண்ணே" என்றார்.

மூன்றாவது வாரம் 'டோர் டுவெல் டைம்' வந்தது. அது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கதவு முழுசாகத் திறந்த பிறகு, மூட ஆரம்பிக்கும்வரை எத்தனை விநாடி அப்படியே நிற்க வேண்டும் என்கிற கணக்கு. ஆபீஸ் கட்டடம் என்றால் மூன்று, நான்கு. ஆஸ்பத்திரி என்றால் பத்துவரை போகலாம். ஆயிரம் தடவையாவது அதைக் கூட்டிக் குறைத்திருப்பார். ஆனால் டுவெல் என்றால் என்ன? முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய கையடக்க அகராதி ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் தேடினார். 'வசி, குடியிரு' என்று போட்டிருந்தது. போட்டிருப்பதை மாற்ற நாம் யார் என்று, 'கதவு குடியிருக்கும் நேரம்: நான்கு விநாடி' என்று எழுதிவிட்டார்.

மறுநாள் மேனேஜர் சிரித்த சிரிப்பில் மூக்கில் டீ ஏறிவிட்டது. "என்னண்ணே இது? நாலு விநாடிக்குக் குடிவந்துட்டு உடனே காலி பண்ணிட்டுப் போயிடுதா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "பால் காய்ச்சவே நேரம் பத்தாதே" என்றார் ஸ்டோர்காரர். கிரீஸ் அண்ணனும்தான் சிரித்தார். ஆனால் அந்தச் சொல் காலில் தைத்த முள் மாதிரி வீடுவரைக்கும் கூடவே வந்தது.

வீடு மூன்றாவது மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்த்தவரின் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு ஏறுவார். உள்ளே போனால் காலையில் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும். நாற்காலியில் போட்ட துண்டு, பாதி குடித்த தண்ணீர், கவிழ்த்து வைத்த ஒரே ஒரு தட்டு.

மனைவி மகள் வீட்டில் இருந்தாள். மகளும் மருமகனும் இருப்பது வேறொரு நகரம், ரயிலில் ஒரு முழு நாள் தூரம். பிரசவத்துக்கு உதவியாக மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று இன்னும் இரண்டு மாதம். மகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள் என்று ஆறு மாதம். அப்புறம் இரண்டாவது குழந்தை, அப்புறம் பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. இப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது. சண்டை, சச்சரவு எதுவும் கிடையாது. தினமும் சாயந்தரம் ஏழு மணிக்கு ஃபோன் வரும். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "கால் வலி?" "பரவாயில்லை." பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். "எப்ப வர்றே?" என்று கேட்பார். "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்பாள். நான்கு நிமிஷத்துக்கு மேல் போகாது.

சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போனார். அதன் லிஃப்டை இரண்டு தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறார், ஆனால் புத்தகம் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. நூலகப் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததால் ஸ்வெட்டர் போட்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதும், இவர் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். காகிதத்தில் அந்த ஒரு சொல் மட்டும்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு பாக்கணும் மேடம். சின்ன அகராதியில பாத்துட்டேன். கதவுக்குப் பொருந்தலை."

அந்தம்மா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, செங்கல் மாதிரி கனத்த ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். எழுத்து எறும்பு ஊர்வது போல இருந்தது. கிரீஸ் அண்ணனின் கண்ணாடிக்கு அது எட்டவில்லை. அந்தம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"ரொம்பப் பழைய சொல்லுங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். முதல்ல இதுக்கு வீடுங்கிற அர்த்தமே இல்லையாம்."

"அப்புறம்?"

"ஒருத்தரைத் தப்பான வழியில கூட்டிட்டுப் போறது. திசை தப்பிப் போக வைக்கிறது. அதுதான் முதல் அர்த்தம்."

அவர் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

"அடுத்தது, தடுத்து நிறுத்துறது. தாமதப்படுத்துறது. வழி தப்பினவன் தாமதமாத்தானே போய்ச் சேருவான், அதனால இருக்கலாம். இங்கிலாந்துக்கு வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்தவங்க பேச்சிலயும் இதே மாதிரி ஒரு சொல் இருந்திருக்கு. அதுக்கும் தாமதிக்கிறது, தங்கி நிக்கிறதுன்னு அர்த்தம். ரெண்டும் கலந்துபோச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, தாமதிக்கிறதுன்னு இருந்தது ஒரு இடத்துலயே தங்குறதுன்னு ஆச்சு. கடைசியில அங்கேயே வாழறதுன்னு ஆயிடுச்சு."

"யாரு அதை மாத்துனது?"

"யாரும் மாத்தலை. சொல்லிச் சொல்லி அதுவா மாறிப்போச்சு." அந்தம்மா பக்கத்தைப் புரட்டினார். "இதோ உங்க கதவு. ஓடிக்கிட்டிருக்கிற இயந்திரம் நடுவுல கொஞ்ச நேரம் அசையாம நிக்கிறது. அதுக்கும் இதே சொல்தான் போட்டிருக்காங்க."

"அப்போ கதவு தாமதிக்கிறதுதான். குடியிருக்கிறது இல்ல."

"ஆமா. பழைய அர்த்தம் மெஷின்ல பிழைச்சுக் கிடக்குது. பேச்சுல இந்தச் சொல்லை இப்ப யாரும் அதிகமா சொல்றதில்லை. நான் இந்தத் தெருவுல டுவெல் பண்றேன்னு சொன்னா வெள்ளைக்காரங்களே சிரிப்பாங்க. பிரார்த்தனையில வரும், அரசாங்கப் படிவத்துல வரும். இன்னொரு விதமாவும் சொல்வாங்க. கூட 'ஆன்'னு ஒரு குட்டிச் சொல் சேர்த்து 'டுவெல் ஆன்'னு சொன்னா, ஒரே விஷயத்தை மனசுல போட்டு உருட்டிக்கிட்டே இருக்கிறதுன்னு அர்த்தம்."

"அதுக்கும் இதேதானா?"

"இதேதான்."

கையிலிருந்த காகிதத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வழி தப்புதல். தாமதம். தங்கல். குடியிருப்பு. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அவரே எழுதியதுதான். அந்தம்மா, "கிடைச்சுதா?" என்று கேட்டதற்கு, "கிடைச்சுது மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். குடையை மறந்துவிட்டுப் போனார். அந்தம்மாதான் வாசல்வரை வந்து கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கும் போகவில்லை. அந்த மூன்று மாதம் எந்த நாளில் குடியிருப்பாக மாறியது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தேதி ஒன்றும் அகப்படவில்லை. அனுப்பிய பார்சல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. முதலில் அவளுடைய படிக்கிற கண்ணாடி. அடுத்து, அங்கே குளிர் அதிகம் என்று கம்பளி. பிறகு பழகின செருப்பு, மருந்துச்சீட்டு, ஆல்பத்திலிருந்து நாலைந்து படம். இரண்டாவது வருஷம் தையல் மெஷின். அதை ரயிலில் போடுவதற்காக, கம்பெனியில் மோட்டார் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, சுற்றிலும் பஞ்சு அடைத்து, மூடியில் பதினாறு திருகாணி போட்டு முடுக்கினார். ஒன்றுகூட ஆடக்கூடாது என்று இரண்டு தடவை சரிபார்த்தார். அந்தக் காலி மூலையில் இப்போதும் மெஷினின் நான்கு கால் தடம் தரையில் இருந்தது.

அடுத்த மாதம் திரும்பி வருகிறவள் தையல் மெஷினைக் கேட்பாளா? கேட்டாள். அனுப்பினோம். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது, இரண்டு பேரும் சொல்லவில்லை. யார் யாரை ஏமாற்றியது என்று பார்த்தால் யாரும் பொய் சொன்ன மாதிரியும் இல்லை.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை என்று தோன்றியது அவருக்கு. எங்கே இருக்கே என்றால் இங்கே இருக்கேன் என்று சொல்லிவிடலாம். நிற்பதற்கும் இருக்கேன், தங்குவதற்கும் இருக்கேன், வாழ்வதற்கும் இருக்கேன், உயிரோடு இருப்பதற்கும் அதே இருக்கேன். நான்கு வருஷமாக அந்த ஒரே சொல்லை வைத்து இரண்டு பேரும் ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

ஏழு மணிக்கு ஃபோன் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன, கால் வீங்கியிருக்கா?"

"கால் இருக்கட்டும். நீ அங்க தங்கியிருக்கியா, இல்ல அங்கதான் குடியிருக்கியா?"

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் மெல்லக் குறைந்தது. வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் போலிருந்தது.

"என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்ல. நாலு வருஷமாச்சு. இப்பதான் கேக்கணும்னு தோணுச்சு."

"நீங்க கேட்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். "இங்கதாங்க இருக்கேன். வரமாட்டேன்னு நினைக்கிறேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கோவமா?"

"இல்ல. நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லை. நீங்க நல்ல மனுஷன்." அவளே தொடர்ந்தாள். "அங்க நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? சாப்பாட்டுல கை வைப்பீங்க, ஃபோன் வரும், எந்திரிச்சுப் போயிடுவீங்க. யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னா போகத்தான் வேணும், நான் தப்பு சொல்லலை. திரும்பி வந்தா பேசத் தெம்பு இருக்காது, தூங்கிடுவீங்க. மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காம இருந்திருக்கேன். சாயந்தரம் உங்ககிட்ட பேசும்போது என் குரல் எனக்கே புதுசா இருக்கும். இங்க அப்படி இல்லை. கீழ் வீட்டம்மா வருவாங்க, பிள்ளைங்க வருவாங்க, துணி தைக்கக் குடுக்க யாராவது வருவாங்க." நிறுத்திவிட்டுச் சொன்னாள், "உங்களுக்குத் தனிமை வந்து நாலு வருஷம்தாங்க ஆகுது. எனக்கு அதுக்கு முன்னாடியே பல வருஷம் ஆச்சு."

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாதவர்களிடம் கதவிடுக்கில் அத்தனை பேசினோமே என்று அவர் நினைத்துக்கொண்டார். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

"நீங்க இங்க வந்துடுங்களேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு பேருக்குமே அந்த வீட்டின் அளவு தெரியும். போன தடவை போனபோது ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். நாலு நாளில் ஒழுகிய குழாய், ஆடிய நாற்காலி, சத்தம் போட்ட மின்விசிறி எல்லாவற்றையும் சரிசெய்து முடித்தார். ஐந்தாம் நாள் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாமல், மருமகன் வேலைக்குக் கிளம்பும்போது வழியில் நிற்காமல் இருக்கத் தெருவுக்கு இறங்கிப்போய் நின்றார். ஆறாம் நாள் ரயில் ஏறிவிட்டார்.

"வந்து பாத்துட்டுப் போறேன். வேலை இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றார்.

"சரிங்க."

அன்றைக்கு ஃபோனை வைத்தபோது மணி ஏழே முக்கால். இருவரும் அழவில்லை. அவர் வெகு நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அவளுடைய அலமாரியைத் திறந்து பார்த்தார். ஐந்தாறு புடவைதான் மிச்சம் இருந்தது. இத்தனை நாள் அதை முழு அலமாரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை 'கதவு திறந்து நிற்கும் நேரம்' என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தார். காத்திருக்கும் நேரம் என்று போடலாமா என்றும் யோசித்தாராம். ஆனால் கதவு குறிப்பாக யாருக்காகவும் காத்திருப்பதில்லை, சொன்ன விநாடிவரை நிற்கும், அவ்வளவுதான் என்று விளக்கினார். மேனேஜர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ராத்திரி சரியா தூக்கமில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்.

கையேடு இரண்டு மாதத்தில் அச்சாகி வந்தது. நீல அட்டை, எண்பத்திரண்டு பக்கம். ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். பெட்டியில் செட்டிங் தப்பாக வைத்துவிட்டு வருவது நிஜமாகவே குறைந்தது. ஆனால் வேலையிடத்தில் அவருடைய சொற்களை யாரும் சொல்லவில்லை. "டுவெல்லை ரெண்டு ஏத்துடா" என்றுதான் கத்திக்கொண்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தச் சொல் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தது, இங்கேயும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஏழு மணி ஃபோன் நிற்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் என்ற பேச்சு அதோடு போயிற்று. அதற்குப் பதிலாக வேறு பேச்சு வந்தது. கீழ் வீட்டம்மா என்ன சொன்னார் என்று அவள் சொல்வாள். இவரும் எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக நாள் முழுக்கக் கண்ணில் பட்டதைச் சேர்த்துவைத்துக்கொள்வார். ஸ்டோர்காரர் தொப்பியைத் தொலைத்தது, ஜன்னல் சுவரில் புறா கூடு கட்டியது. சொல்லி முடித்த பிறகு அறை முன்னைவிட அமைதியாக இருக்கும்.

மழைக்காலம் தொடங்குமுன் மூன்றாவது மாடியைக் காலி செய்ய முடிவெடுத்தார். காலுக்கும் ஆகவில்லை, ஒருவருக்கு அவ்வளவு இடமும் தேவையில்லை. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஓர் அறை, ஒட்டிச் சமையலுக்குச் சின்ன இடம். வீட்டுச் சொந்தக்காரம்மா கதவைத் திறந்து காட்டினார். சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசம். இவர் குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வேகமாகத்தான் வந்தது.

"எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டார் அந்தம்மா.

நான்கு வருஷமாக யார் கேட்டாலும், "ரெண்டு பேர், வீட்டுக்காரி மக வீட்டுக்குப் போயிருக்கா" என்றுதான் சொல்லிவந்தார். வாய் அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது.

"நான் ஒருத்தன்தாம்மா" என்றார்.

"வீட்டுல அம்மா இல்லையா?"

"இருக்காங்க. எங்க மக வீட்டுல குடியிருக்காங்க."

அந்தம்மா குப்பை எடுக்க யார் வருவார், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கிரீஸ் அண்ணன் கதவை மூடிப் பார்த்தார். கீல் லேசாகக் கிறீச்சிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், புதுசாக வந்தவரோ என்று தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.